உறை பிரிக்காத டேப்லெட்

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். 17 வயதில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வேலைக்கு வந்தவள். இப்போது என் கீழே 22 பெண்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் எல்லா சூப்பர்வைசருக்கும் டேப்லெட் கொடுத்தார்கள். யார் எத்தனை பீஸ் பார்த்தார்கள், எந்த டெய்லர் தைத்ததில் எத்தனை ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) வந்தது என்று மணிக்கொரு தடவை அதில் ஏற்ற வேண்டும். மற்ற செக்‌ஷனில் எல்லாம் பழகிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் நோட்டில் எழுதி, சாயந்தரம் ஆபீஸ் பையனிடம் கொடுத்து ஏற்றச் சொல்கிறேன். பயிற்சிக்கு மூன்று தடவை பெயர் கொடுத்தேன். மூன்று தடவையும் ஏதோ ஒரு காரணம் வந்துவிட்டது. வீட்டில் போனில் பணம் அனுப்புகிறேன், வீடியோ பார்க்கிறேன். அதனால் தெரியாது என்றும் சொல்ல முடியாது. டேப்லெட் உறைகூடப் பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது. நோட்டு என்றால் ஒரு பொண்ணுக்கு உடம்பு முடியாவிட்டால் நானே அட்ஜஸ்ட் செய்துகொள்வேன், அது வேறு விஷயம். இப்போது வேலையிலேயே மனசு ஒட்டுவதில்லை. முன்பு ஞாயிறு லீவு என்றால் கை பரபரக்கும். இப்போது சனிக்கிழமை எப்போது வரும் என்றிருக்கிறது. மேனேஜர் அடுத்த மாதம் வரை டைம் கொடுத்திருக்கிறார். 'நீ மாறவே மாட்டியாம்மா' என்கிறாள் மகள். எனக்கு சோம்பேறித்தனமா? இந்த வயதில் மாற முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு வரிக்கு மட்டும் திரும்பிப் போனேன். "ஒரு பொண்ணுக்கு உடம்பு முடியாவிட்டால் நானே அட்ஜஸ்ட் செய்துகொள்வேன், அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதி, நீங்களே அதை ஒதுக்கியும் வைத்துவிட்டீர்கள். இருபது வருடத்துக்கு மேலாகப் பிறர் மனதைக் கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவள் நான். ஒருவர் "அது வேறு விஷயம்" என்று சொன்னால் அங்கேதான் நிறுத்தி, கொஞ்சம் அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்பேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். இது சோம்பேறித்தனம் இல்லை. சோம்பேறி ஒருவர் நாள் முழுக்க நோட்டில் எழுதி, கூட்டிப் பார்த்து, சாயந்தரம் அதை இன்னொருவரிடம் கெஞ்சி ஏற்றச் சொல்லி இரட்டை வேலை பார்க்கமாட்டார். சுலபமான வழி டேப்லெட்தான். நீங்கள் கஷ்டமான வழியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதமாக விடாமல் நடக்கிறீர்கள். போனில் பணம் அனுப்பத் தெரிந்த கைக்கு இரண்டு எண்ணை அழுத்துவது பெரிய வித்தையும் இல்லை. அப்படியிருந்தும் அந்த உறையைப் பிரிக்கக் கை வரவில்லை என்றால், அந்தக் கை எதையோ காவல் காக்கிறது.

எதை? என் ஊகத்தைச் சொல்கிறேன். தவறென்றால் திருத்தி எழுதுங்கள். திருப்பூரிலிருந்து என்னைப் பார்க்க வரும் பெண்கள் பலர் சொல்லக் கேட்டதில் அந்த ஃப்ளோர் எனக்குக் கொஞ்சம் தெரியும். டியூப்லைட்டுக்குக் கீழே நீள மேசை. ஒரு பெண் பீஸை உள்பக்கம் திருப்பி, சைடு தையலில் விரலை ஓட்டிப் பார்க்கிறாள். ஓரிடத்தில் தையல் தாவியிருக்கிறது. அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி ஒன்பது பீஸ் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பீஸ் கட்டு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்றாவது ஓவர்லாக் தையல் மெஷின். அதில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒன்பது பீஸையும் அள்ளிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்து, "பார்த்துத் தை கண்ணு, டீ குடிச்சியா?" என்கிறீர்கள். அரை மணியில் ஒன்பதும் சரியாகித் திரும்பி வந்துவிடுகிறது. நோட்டில் நீங்கள் எழுதுவது இரண்டு. சில நாள் அதுவும் இல்லை.

டேப்லெட்டில் அது ஒன்பது. அந்தப் பெண்ணின் எண்ணுக்கு நேராக, மணி பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில், ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பவர் கண்முன்னே.

உங்கள் நோட்டு ஒரு குடை. அதற்குக் கீழே 22 பேரும், அவர்களுக்கு அப்பால் தையல் லைனில் பலரும் நிற்கிறார்கள். குடையை மடக்கி டிராயரில் வை என்று கம்பெனி சொல்கிறது. அதனால் நீங்கள் டேப்லெட்டை டிராயரில் வைத்துவிட்டீர்கள்.

இப்படிப்பட்ட இழுபறியைப் பற்றி நிறைய வேலை செய்தவர்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கீகனும் லிசா லஹேயும். மாற விரும்பியும் மாற முடியாமல் நிற்பவர்களிடம் பேசிப் பேசி அவர்கள் கண்டது இது: ஒரு ஆசைக்கு எதிராக உள்ளே இன்னொரு வாக்குறுதி நிற்கிறது. அதை நாம் யாரிடமும் சொன்னதில்லை, பல சமயம் நமக்கே சொல்லிக்கொண்டதில்லை. உடம்புக்கு நோயெதிர்ப்பு சக்தி இருப்பது போல மனதுக்கும் ஒன்று உண்டு என்றார்கள். அது நம்மைக் காப்பாற்றத்தான் வேலை செய்கிறது. ஆனால் நல்லதுக்காக உள்ளே வருவதையும் சேர்த்து விரட்டிவிடும்.

அவர்கள் செய்யச் சொல்லும் பயிற்சியை நீங்களும் செய்து பாருங்கள். அரை மணி நேரம், ஒரு நீள நோட்டுப் பக்கம், நான்கு பத்திகள். முதல் பத்தியில் என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதுங்கள்: நானே டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். இரண்டாவதில் அதற்கு மாறாக நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும். இதில் கூச்சம் வேண்டாம். பயிற்சி அன்றைக்கு லீவு போட்டது, ஆபீஸ் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து வேலை வாங்கியது என எல்லாம் வரட்டும். மூன்றாவது பத்திக்கு ஒரு கேள்வி: இரண்டாவதில் எழுதியதையெல்லாம் விட்டுவிட்டால் என்ன ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது? அந்தப் பயத்தின் மறுபக்கம்தான் நீங்கள் உள்ளே கொடுத்து வைத்திருக்கும் வாக்குறுதி. "என் பிள்ளைகள் யாரும் என்னால் திட்டு வாங்கக் கூடாது" என்று வரலாம். நான்காவது பத்தியில் அந்த வாக்குறுதி எந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்று எழுத வேண்டும். "டேப்லெட்டில் ஏற்றிவிட்டால் என்னால் யாரையும் காப்பாற்ற முடியாது."

மூன்றாவது பத்தியில் இன்னொரு வரியும் வரலாம். அது கொஞ்சம் வலிக்கும். இருபத்தேழு வருடமாக இந்த ஃப்ளோர் உங்கள் தலைக்குள் இருக்கிறது. எந்த மெஷினில் என்ன கோளாறு, எந்தப் பெண்ணின் கண் ஷேடு வித்தியாசத்தைப் பிடிக்கும், எந்த டெய்லர் கழுத்துப் பட்டியைக் கை நடுங்காமல் போடுவார் என்று கேட்பதற்கு எல்லாரும் உங்களிடம்தான் வருகிறார்கள். அதெல்லாம் ஒரு திரையில் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு என்ற எண்ணம் உள்ளே ஓடுகிறதா? ஓடினால் எழுதிவிடுங்கள். உழைத்துச் சேர்த்த மதிப்பைக் காப்பாற்ற நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. பெயர் சொல்லி எழுதிவிட்டால் அதோடு பேசலாம். எழுதாமல் விட்டால் அது பயிற்சி நாளன்று தலைவலியாக வரும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது ஆலோசனையை வீடியோ அழைப்பில் செய்யச் சொன்னார்கள். சக தொழிலினர் எல்லாரும் மாறிவிட்டார்கள். நான் மாதக்கணக்கில் தள்ளிப் போட்டேன். நெட் சரியில்லை, அந்தரங்கம் காப்பாற்ற முடியாது என்று காரணங்கள் சொன்னேன், எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஒருநாள் இதே நான்கு பத்தியை எனக்கே போட்டுப் பார்த்தபோது மூன்றாவதில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. என் அறைக்கு வருபவர் வாசலில் செருப்பைக் கழற்றும் விதம், நாற்காலியின் நுனியில் உட்காருகிறாரா சாய்ந்து உட்காருகிறாரா, பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறாரா என்று பார்க்கும் அந்த முதல் ஒரு நிமிஷம். அதைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்த பிறகு வழி பிறந்தது. அழைப்பு தொடங்கியதும் விஷயத்துக்குப் போகாமல், தண்ணீர் எடுத்து வந்து நிதானமாக உட்காரச் சொல்வேன். அந்த ஒரு நிமிஷம் வேறு வடிவத்தில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. என் அறையில் கிடைத்த அளவு இல்லை, ஆனாலும் கிடைத்தது.

உங்களுக்கும் கேள்வி இதுதான். குடையை விடாமல் டேப்லெட்டை எடுக்க வழி உண்டா?

நான்காவது பத்தியில் எழுதிய நம்பிக்கையை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். டேப்லெட்டில் ஏற்றினால் யாரையும் காப்பாற்ற முடியாது என்பது பாதிதான் உண்மை. அந்த மூன்றாவது ஓவர்லாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தையல் தாவுவதற்குத் தூக்கம் கெட்ட கண் காரணமாக இருக்கலாம். ஊசி வளைந்திருக்கலாம், அடியில் நூலைக் கோர்க்கும் லூப்பர் நேரம் தவறியிருக்கலாம். திங்கள் ஒருத்தி, புதன் இன்னொருத்தி, வெள்ளி மூன்றாமவள் என்று யார் உட்கார்ந்தாலும் அதே இடத்தில் தையல் தாவுகிறது என்றால் கோளாறு மெஷினில். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அன்போடு போய்ச் சரிசெய்துவிட்டு நோட்டில் எழுதாமல் விட்டால், மெக்கானிக்கைக் கூப்பிட யாருக்கும் காரணம் கிடைப்பதில்லை. மூன்று பெண்களும் தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். டேப்லெட்டில் மூன்று பெயர், ஒரே மெஷின் எண் என்று விழுந்திருந்தால், அந்த வாரமே மெஷினைக் கழற்றியிருப்பார்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறைந்து போன ஆல்டர் சில நேரம் கடைசியில் பையர் க்யூசி, அதாவது வாங்கும் கம்பெனியின் தரம் பார்ப்பவர், பெட்டியைத் திறக்கும்போது வெளியே வரும். லாட் ஃபெயில் ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி பார்ப்பது யார்? உங்கள் அதே 22 பேர்தான்.

அதற்காக உங்கள் பயம் வெறும் பிரமை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே சிவப்பு நிறம் விழுந்ததும் எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்கும் இடங்கள் இருக்கின்றன என்று என்னிடம் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு யார் கையில் போகிறது, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று தெரியாமல் கணக்கு கொடுக்க மனம் வராதது புத்திசாலித்தனம். அதனால் பயிற்சிக்கு நாலாவது முறை பெயர் கொடுப்பதற்கு முன் மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கேட்க வேண்டியது அதிகமில்லை. ஆல்டர் கணக்கை முதலில் பார்ப்பவர் யார், அதை வைத்துச் சம்பளத்தில் கை வைப்பார்களா? உடம்பு முடியாத நாள், மெஷின் கோளாறு, கட் பீஸ் தாமதம் போன்ற காரணங்களைக் கூடவே ஏற்ற இடம் உண்டா, இல்லையென்றால் சேர்க்க முடியுமா? ஒரு பெண்ணின் எண்ணிக்கை மோசமாக வந்தால் ஆபீஸிலிருந்து நேராக அவளிடம் போகாமல் முதலில் உங்களிடம் பேசுவார்களா?

கடைசிக் கேள்விதான் உங்கள் குடை. அதற்கு 'சரி' வாங்கிவிட்டால், நோட்டு செய்துவந்த வேலையில் பெரும்பங்கு காப்பாற்றப்பட்டுவிடும்.

இப்படிக் கேட்பது திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்காகவே நடந்தது போல ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1940-களில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா கம்பெனி. பெரும்பாலும் இளம்பெண்கள், பீஸ் ரேட் கூலி. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் அங்கே உற்பத்தி விழும், கோபம் கிளம்பும், நல்ல கைகள் வேலையை விட்டு நின்றுவிடும். லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1948-ல் வெளியிட்டார்கள். அயர்ன் செய்து அடுக்கும் ஒரு குழுவைக் கூப்பிட்டு, இனி இப்படித்தான் அடுக்க வேண்டும், இதுதான் புதிய ரேட் என்று நிர்வாகம் விளக்கிச் சொன்னது. கேள்விக்குப் பதிலும் சொன்னது. அவ்வளவுதான். நாற்பது நாளில் அந்தக் குழுவில் 17 சதவீதம் பேர் நின்றுவிட்டார்கள், மிச்சமிருந்தவர்களின் உற்பத்தி பழைய நிலைக்கு ஏறவே இல்லை.

இன்னும் இரண்டு குழுக்கள் பீஸைப் பரிசோதித்து நூல் வெட்டுபவர்கள். ஆமாம், செக்கிங் பெண்கள்தான். முன்பு பைஜாமா முழுவதும் தொங்கும் நூலை வெட்டினார்கள். இனிச் சில நூல்களை மட்டும் எடுத்தால் போதும் என்ற மாற்றம். ஆனால் இங்கே குழுவில் இருந்த அத்தனை பேரையும் உட்கார வைத்து, வேலையை எப்படி அமைக்கலாம் என்று சேர்ந்தே பேசினார்கள். யோசனைகள் அவர்களிடமிருந்தே கொட்டின. சில நாளில் பழைய வேகம் திரும்பியது, பிறகு அதைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போனது. ஒருவரும் வேலையை விடவில்லை.

நான் வகுப்பெடுக்கும் இடங்களில் எப்போதும் சொல்லும் பகுதி இதற்கு அப்புறம் வருவது. முதல் குழுவில் மிச்சமிருந்த 13 பேரைச் சில மாதம் கழித்து வேறொரு புது வேலைக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை அவர்களோடும் உட்கார்ந்து பேசினார்கள். மாற்றத்தை எதிர்த்தார்கள், மந்தமாக இருந்தார்கள் என்று பெயர் வாங்கிய அதே 13 பேர் புது வேலையை மளமளவென்று பிடித்துக்கொண்டார்கள். ஆள் மாறவில்லை, வயது குறையவில்லை. கேட்கப்பட்டார்கள், அவ்வளவுதான். 'இந்த வயதில் மாற முடியுமா' என்ற உங்கள் கேள்விக்கு நான் கொடுக்கும் பதில் அந்தப் 13 பேர்.

உங்கள் கம்பெனியில் டேப்லெட் வந்தபோது ஃப்ளோரில் இருபத்தேழு வருடம் நின்ற ஒருவரிடம் 'இதில் என்னென்ன இருக்க வேண்டும்' என்று யாராவது கேட்டார்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவர்கள் கேட்காமல் விட்டதை நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. நியாயமில்லைதான். இருந்தாலும் போங்கள்.

மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால்? அப்போது மற்ற செக்‌ஷன் சூப்பர்வைசர்களிடம் பேசுங்கள். பழகிவிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கும் பலர் தங்கள் வழியில் எதையாவது அட்ஜஸ்ட் செய்துகொண்டுதான் இருப்பார்கள். நாலு பேராகச் சேர்ந்து கேட்பது வேறு. தொழிலாளர் குழு இருந்தால் அங்கேயும் வைக்கலாம். எல்லாம் செய்தும் அந்தத் திரை பெண்களைக் கூனிக்குறுக வைக்கத்தான் பயன்படுகிறது என்று தெரிந்தால், உங்கள் தயக்கம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த நிலையில் வேறு கம்பெனி பார்ப்பதைத் தோல்வி என்று நான் நினைக்கமாட்டேன்.

இனி கை பழகும் விஷயம். 22 பேரையும் நாள் முழுக்க ஏற்ற வேண்டும் என்று தொடங்காதீர்கள். ஒரு மேசை, ஒரு மணி நேரம். காலை டீ முடிந்த பிறகு வரும் மணி நல்லது, அப்போது கட்டு வரத்து ஒழுங்காக இருக்கும். தீர்மானத்தை 'இந்த வாரம் பழகிவிட வேண்டும்' என்று வைத்தால் அது வழுக்கிவிடும். 'டீ மணி அடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் டிராயரைத் திறப்பேன்' என்று ஒரு செயலோடு இன்னொரு செயலைக் கட்டி வையுங்கள். இப்படி எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று முடிச்சுப் போட்ட தீர்மானங்கள் அதிகமாக நிறைவேறுகின்றன என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. நோட்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டிலும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டில் இரண்டு, டேப்லெட்டில் ஒன்பது என்று வரும் இடங்களில்தான் நீங்கள் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்வதை நம்பி மனம் உடையாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் சக ஆய்வாளர்களும் 96 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு செயல் தன்னிச்சையாக வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டமும் இல்லை. ஆகவே மேனேஜரிடம் பேசும்போது ஒரு மாதத்தை இரண்டு மாதமாகக் கேளுங்கள். முதல் மாதம் பாதி மேசைகள், அடுத்த மாதம் மீதி. தேதி போட்டுக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

சரி, மனசு ஒட்டவில்லை என்றீர்களே, அதற்கு வருகிறேன். இரண்டும் தனித்தனி விஷயம் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. வில்லியம் கான் என்ற ஆய்வாளர் 1990-ல் ஒரு கோடைகால முகாமிலும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்திலும் வேலை செய்பவர்களைக் கூர்ந்து பார்த்தார். ஒரே ஆள் சில நேரம் முழு மனதோடு வேலையில் இருக்கிறார், சில நேரம் உடம்பை மட்டும் அனுப்பிவிட்டு உள்ளே ஒதுங்கிக்கொள்கிறார். எப்போது எது நடக்கிறது? செய்கிற வேலைக்கு அர்த்தம் இருக்கிறதா, என்னை நானாகக் காட்டினால் அடி விழாது என்ற நம்பிக்கை இருக்கிறதா, கொடுப்பதற்கு உடம்பிலும் மனதிலும் தெம்பு மிச்சம் இருக்கிறதா. இந்த மூன்றையும் மனிதர்கள் சொல்லாமலே எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

உங்களுக்கு அர்த்தத்தில் குறைவில்லை. ஞாயிறு அன்று கை பரபரத்தவர் நீங்கள். ஆறு மாதத்துக்கு முன் போனது இரண்டாவது. அதுவரை நீங்கள் பெண்களைப் பார்த்துக்கொண்டது உங்கள் திறமையின் ஒரு பகுதியாக வெளிப்படையாக நடந்தது. டேப்லெட் வந்த பிறகு அதே காரியம் ஒளித்துச் செய்கிற காரியமாகிவிட்டது. காலையில் உள்ளே நுழையும்போதே சாயந்தரம் கணக்கு ஏற்றச் சொல்லும்போது என்ன சொல்வது, மேனேஜர் இந்தப் பக்கம் வந்தால் டிராயரைத் திறக்கச் சொல்வாரோ என்று ஒரு பாதி மனம் காவலுக்குப் போய்விடுகிறது. மிச்சப் பாதியோடு வேலை செய்தால் எப்படி ஒட்டும்? வேலை பிடிக்காமல் போய்விட்டது என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒளிப்பதுதான் உங்களைக் களைக்க வைக்கிறது என்று நினைக்கிறேன். மேனேஜரிடம் பேசிவிட்டு வரும் அன்றைக்கு, பதில் எதுவாக இருந்தாலும், உடம்பு எப்படி இருக்கிறது என்று கவனித்து எழுதுங்கள்.

மூன்றாவது விஷயம் தெம்பு. இதை நேரில் கேட்டிருப்பேன், கடிதம் என்பதால் உங்களிடமே விட்டுவிடுகிறேன். மனசு ஒட்டாதது கம்பெனியில் மட்டுமா, வீட்டிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அப்படித்தானா? முன்பு பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். எப்படியிருந்தாலும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நாற்பதுகளின் நடுவில் மாதவிடாய் முன்னே பின்னே போகத் தொடங்கும் காலம். ரத்தம் குறைந்து நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பெண்கள் எத்தனையோ பேர் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

மகளைப் பற்றி ஒன்று. டேப்லெட் சொல்லித் தரச் சொல்லி அவளிடம் போக வேண்டாம், இப்போதைக்கு அது சண்டையில் முடியும். அதற்குப் பதில் ஒருநாள் சாப்பிட உட்காரும்போது அந்த மூன்றாவது ஓவர்லாக் மாதிரி ஒரு நாளை முழுசாகச் சொல்லுங்கள். நோட்டில் ஏன் இரண்டு என்று எழுதினீர்கள் என்பதையும் சேர்த்து. அம்மா எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவளுக்கு இதுவரை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மேனேஜரைப் பார்க்க சனிக்கிழமை போகாதீர்கள். சம்பள நாள், அவர் தலை நிமிரமாட்டார். வாரத்தின் நடுவில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்கள். கையில் டேப்லெட்டையும் நோட்டையும் சேர்த்தே கொண்டு போங்கள். கடந்த ஒரு மாதத்தில் எந்த மெஷினில், என்ன கோளாறு, எத்தனை தடவை, நீங்கள் என்ன செய்து சரிக்கட்டினீர்கள் என்று நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதி நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களின் பெயர் வேண்டாம், மெஷின் எண் போதும். முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர் படித்து முடித்த பிறகு உறையை அவர் முன்னாலேயே பிரித்து, "இதிலே இதையெல்லாம் எங்கே போடுறதுங்க சார்?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்